சிவப்புக் கோட்டுக்கு வண்ணம் அடிப்பது எப்படி? வாட்டர்லூ பேட்டலியன் ஒன்று தொடங்குகிறேன்

மடிப்பாக்கம்_மாடலர்:

வணக்கம். லண்டனில் இருக்கும் அத்தை மகன் ஊருக்கு வந்தபோது பெர்ரி கம்பெனியின் 28 மி.மீ. பிளாஸ்டிக் சிப்பாய் உருவங்கள் பெட்டி ஒன்றைச் சூட்கேசில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தான். நெப்போலியன் காலத்து பிரிட்டிஷ் காலாட்படை, சிவப்புக் கோட்டு, முதுகில் மூட்டை, தலையில் உயரமான தொப்பி, கிட்டத்தட்ட நாற்பது பேர். ஸ்ப்ரூ என்கிற பிளாஸ்டிக் சட்டத்தில் இருந்து துண்டுகளை வெட்டி, பிசிறு சீவி, ஒட்டி முடித்தாயிற்று. இதுவரை நான் செய்ததெல்லாம் வார்ஹாமர் என்ற கற்பனைப் போர் விளையாட்டின் உருவங்கள்தான். அதில் நம் படைக்கு ஊதா நிறம் அடித்தாலும் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள், இதில் பொத்தான் வரைக்கும் வரலாறு இருக்கிறது என்கிறார்கள், அதனால் தூரிகையை எடுக்கவே தயக்கமாக இருக்கிறது.

முதலில் சிவப்பு. கறுப்பு ப்ரைமர் (அடிப்பூச்சு) மேல் எத்தனை கோட் பெயிண்ட் போட்டாலும் மங்கிப்போய்த்தான் நிற்கிறது. மேடான இடங்களுக்கு வெள்ளை கலந்து வெளிர் ஹைலைட் கொடுத்தால் ரோஸ் ஆகிவிடுகிறது. வேறு வழி என்ன?

அடுத்தது ப்ரைமர். மொட்டை மாடியில் வைத்து ஸ்ப்ரே அடித்த சில உருவங்கள் உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று ஆகிவிட்டன. டப்பாவில் சொன்னபடி குலுக்கி, சொன்ன தூரத்தில் இருந்துதான் அடித்தேன்.

எந்த ரெஜிமெண்ட் என்று இன்னும் முடிவு செய்யவில்லை. நம் பக்கம் வந்து போனவர்கள் யாராவது நெப்போலியன் தோற்ற வாட்டர்லூ சண்டையில் இருந்தார்களா? இருந்தால் அவர்களையே செய்துவிடலாம் என்று ஆசை.

கடைசியாக நேரம். யூடியூபில் ஒருத்தர் ஒரு முகத்துக்கே அரை நாள் உட்காருகிறார். அந்தக் கணக்கில் போனால் நான் ரிட்டயர் ஆகும்போதுதான் இந்தப் பெட்டி முடியும். இதற்குள் பிரெஞ்சுக்காரர்கள் பெட்டியும் ஒன்று ஆர்டர் போட்டாயிற்று, வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

தூரிகை_நம்பர்_2:

கடைசிக் கேள்வியில் இருந்து வருகிறேன், அது தெளிந்தால் மற்றதில் பாதி தானாகத் தெளிந்துவிடும். நீங்கள் செய்யப்போவது ஒரு பேட்டலியன், அதாவது ரெஜிமெண்டின் ஒரு முழுப் பிரிவு, ஒரு சிலை இல்லை. விளையாடும்போது மேசையில் இரண்டு மூன்று அடி தள்ளி நின்றுதான் பார்ப்பீர்கள், எதிரில் ஆடுபவர் இன்னும் தள்ளி நிற்பார். அந்தத் தூரத்தில் தெரிவது கோட்டின் சிவப்பு, நெஞ்சில் குறுக்கே போகிற வெள்ளை பெல்ட், காலரிலும் கைமடிப்பிலும் இருக்கிற ஃபேசிங் நிறம், கொடி, காலடியில் இருக்கிற பேஸ், அவ்வளவுதான். இவை சுத்தமாக இருந்தால் படை நன்றாக இருக்கிறது என்பார்கள். கருவிழி வரையவே வேண்டாம். தொப்பியின் விளிம்புக்குக் கீழே பிரவுன் வாஷ், அதாவது நன்றாக நீர்க்க விட்ட பெயிண்ட், கொஞ்சம் தேங்கி நின்றாலே போதும், கண் இருப்பதாகப் பார்ப்பவர் நினைத்துக்கொள்வார்.

அதனால் ஒவ்வொருத்தராக முடிக்காதீர்கள். எட்டு பத்து பேரை ஒரு கூட்டமாக எடுங்கள். ஐஸ் குச்சியில் டபுள் சைடு டேப் போட்டு நாலு பேரை வரிசையாக நிறுத்துங்கள், நடுவில் தூரிகை நுழைய இடம் விட்டு. ஒரு நிறத்தைத் திறந்தால் எல்லோருக்கும் அதை முடித்துவிட்டுத்தான் அடுத்த பாட்டில். கடைசி ஆளுக்கு அடித்து முடிக்கும்போது முதல் ஆள் காய்ந்திருப்பார். உள்ளே இருப்பதை முதலில், வெளியே இருப்பதைப் பின்னால்: முகம், கை, சாம்பல் பேண்ட், சிவப்புக் கோட்டு, அதன் மேல் பெல்ட், அப்புறம் மூட்டை, துப்பாக்கி. இப்படிப் போனால் பெல்ட் அடிக்கும்போது சிவப்பில் வழிந்தது, சிவப்பு அடிக்கும்போது முகத்தில் பட்டது என்று திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டு இருக்க வேண்டியதில்லை.

இப்போது சிவப்பு. பெரும்பாலான சிவப்புப் பெயிண்ட்கள் அடியில் என்ன இருக்கிறதோ அதை மூடி மறைக்காது, காட்டிக்கொடுக்கும். கறுப்பு மேல் அடித்தால் கறுப்புதான் ஜெயிக்கும். சாம்பல் ப்ரைமர் எடுத்துக்கொள்ளுங்கள். கோட்டு முழுக்க ஒரு செம்பழுப்பு அடியுங்கள், பழைய ஓட்டு நிறம் என்று வைத்துக்கொள்ளலாம். அது காய்ந்ததும் மடிப்புகளின் குழியை விட்டுவிட்டு மேட்டில் மட்டும் சிவப்பு, மெல்லிசாக இரண்டு கோட். குழியில் தெரியும் பழுப்பே நிழல் ஆகிவிடும். ஹைலைட்டுக்கு வெள்ளை பக்கமே போகாதீர்கள், அதே சிவப்பில் ஆரஞ்சு கலந்து தோள், முழங்கை, கோட்டின் கீழ் விளிம்பு மூன்றிலும் ஒரு கோடு இழுத்தால் முடிந்தது. வாஷ் போடுவதாக இருந்தால் பிரவுன் வாஷ், கறுப்பு வாஷ் போட்டால் சிவப்பு அழுக்காகத் தெரியும்.

இதில் வரலாறும் உங்களுக்குச் சாதகமாக இருக்கிறது. சாதாரண சிப்பாயின் கோட்டுக்கு மேடர் என்ற செடியின் வேரில் எடுத்த சாயம், நம் சாயவேரில் இருக்கிற அதே அலிசரின்தான் அதிலும். அது செங்கல் பக்கம் சாய்கிற சிவப்பு, வெயிலிலும் மழையிலும் நடந்து நடந்து இன்னும் வெளுத்துப்போயிருக்கும். அதிகாரிகளுக்குத்தான் காச்சினீல் பூச்சியில் எடுத்த பளீர் ஸ்கார்லெட். அதனால் உங்களிடம் இருக்கிற ஆகப் பளிச்சென்ற சிவப்பை அதிகாரிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து பார்த்தாலும் அவர் தனியாகத் தெரிவார்.

பெல்ட்டுக்கும் நேராக வெள்ளை வேண்டாம். முதலில் இளம் சாம்பல், அது காய்ந்ததும் நடுவில் வெள்ளை. ஓரத்தில் மயிரிழை அளவு சாம்பல் தெரிந்தால் பெல்ட் கோட்டில் இருந்து பிரிந்து நிற்கும். ஒரே ஒரு உருவத்தில் செய்து பாருங்கள், அப்புறம் விட மாட்டீர்கள்.

தூரிகை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன், என் பெயரே அதில்தான் இருக்கிறது. சின்ன வேலைக்குச் சின்னத் தூரிகை என்று மூன்று சைபர் வாங்காதீர்கள். அதில் பெயிண்ட் நிற்க வயிறு கிடையாது, சென்னை வெயிலில் பாட்டிலில் இருந்து உருவத்துக்குப் போவதற்குள் நுனியில் காய்ந்துவிடும். நுனி கூராக இருக்கிற ஒன்றாம் நம்பரோ இரண்டாம் நம்பரோ போதும், பொத்தான் வரைக்கும் அதிலேயே வைக்கலாம். பெயிண்ட் அந்த உலோகக் குழாய்க்குள் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஏறினால் நுனி விரிந்துவிடும். ஃபேனை நிறுத்திவிட்டு உட்காருங்கள். ஒரு டிபன் டப்பாவில் நனைத்த ஸ்பாஞ்ச், அதன் மேல் பட்டர் பேப்பர், பெயிண்டை அதில் வைத்துக் கலந்தால் மணிக்கணக்கில் காயாது. கடையில் வெட் பேலட் என்று விற்பதும் இதேதான்.

ப்ரைமர் கதை இங்கே சிங்கப்பூரிலும் உண்டு. வெயில் அதிகமாக இருந்தால் ஸ்ப்ரேயின் துளிகள் காற்றிலேயே பாதி காய்ந்து தூளாக வந்து விழும், ஈரப்பதம் அதிகமாக இருந்தால் பூச்சு ஒழுங்காகப் பிடிக்காது. உங்கள் மொட்டை மாடியில் பல நாள் இரண்டும் சேர்ந்தே இருக்கும். என் யோசனை, ஸ்ப்ரேயையே விட்டுவிடுங்கள். தூரிகையால் அடிக்கிற ப்ரைமர் வயெஹோ என்ற பெயிண்ட் கம்பெனியில் சின்ன பாட்டிலில் வருகிறது, மெல்லிசாக ஒரு கோட், ஒரு நாள் முழுக்க அப்படியே விடுங்கள், நகத்தால் கீறினாலும் வராது. ஸ்ப்ரே டப்பாவை விமானத் தபாலிலும் எடுக்க மாட்டார்கள், அந்தத் தலைவலியும் மிச்சம். கடைசியில் போடுகிற பளபளப்பில்லாத மேட் வார்னிஷுக்கும் இதே பேச்சுதான். மழை நாளில் ஸ்ப்ரே வார்னிஷ் அடித்தால் உருவத்தின் மேல் வெள்ளையாகப் படிந்துவிடும். அப்படி ஆகிவிட்டால் பதற வேண்டாம், மேலே தூரிகையால் பளபளப்பான கிளாஸ் வார்னிஷ் ஒரு கோட் போட்டால் பெரும்பாலும் வெள்ளை மறைந்து நிறம் திரும்பி வரும், காய்ந்த பிறகு மேட் போட்டுக்கொள்ளலாம்.

வேலூர்க்கோட்டை:

ரெஜிமெண்ட் கேள்விக்கு நான் வருகிறேன், இதற்காகவே லாகின் செய்தேன்.

வாட்டர்லூவில் சர் காலின் ஹால்கெட்டின் பிரிகேட் என்று ஒன்று. அதில் 30, 33, 69, 73 என்று நான்கு ரெஜிமெண்ட். இதில் 33 வாட்டர்லூவில் தளபதியாக இருந்த வெல்லிங்டனின் சொந்தப் படைப்பிரிவு, அவர் வெறும் கர்னல் ஆர்தர் வெல்லெஸ்லியாக இருந்தபோது அதை அழைத்துக்கொண்டுதான் இந்தியாவுக்கு வந்தார், 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகையில் அது இருந்தது. 73-இன் முதல் பேட்டலியனும் அதே முற்றுகையில் இருந்தது, வாட்டர்லூவில் நின்றது இரண்டாவது பேட்டலியன். 69 எங்கள் ஊருக்கே வந்தது. 1806 ஜூலை 10 விடியற்காலையில் வேலூர்க் கோட்டைக்குள் சிப்பாய்கள் எழுந்தபோது உள்ளே இருந்த வெள்ளைக்காரப் படை அந்த 69-இன் நான்கு கம்பெனிகள்தான். அதிலும் வாட்டர்லூவுக்குப் போனது இரண்டாவது பேட்டலியன், வேலூரில் இருந்தது முதலாவது. ஆட்கள் வேறு, எண்ணும் கைமடிப்பின் நிறமும் ஒன்று.

உருவத்துக்கு வண்ணம் அடிக்கிறவர்களுக்கு வேலூரில் இன்னொரு செய்தி இருக்கிறது. அந்தக் கலகத்துக்கு உடனடிக் காரணமே ஒரு சீருடை விவகாரம். மெட்ராஸ் ராணுவத்தில் சிப்பாய்களுக்குப் புதுத் தலைப்பாகை, அதில் தோல் முடிச்சு, பார்க்க ஐரோப்பியத் தொப்பி மாதிரி. அதோடு நெற்றியில் குறி கூடாது, தாடி கூடாது, காதில் கடுக்கன் கூடாது என்று உத்தரவு. கோட்டைக்குள் சிறை வைத்திருந்த திப்புவின் பிள்ளைகளும் இதில் வருகிறார்கள், அந்தக் காலையில் கோட்டையில் திப்புவின் கொடி ஏறியது. அப்புறம் ஆற்காட்டில் இருந்து கில்லெஸ்பி 19-ஆம் லைட் டிராகூன் குதிரைப்படையோடு வந்து அடக்கினார், எப்படி அடக்கினார் என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதனால் என் அலமாரியில் 69 எதிரிப் படையாகத்தான் நிற்கிறது, பக்கத்தில் மெட்ராஸ் சிப்பாய்களை நிறுத்தியிருக்கிறேன்.

சரி, நிறத்துக்கு வருவோம். 33-க்கு ஃபேசிங்கும் சிவப்பு. சோம்பேறிகளுக்கு ஏற்றது, காலருக்கும் கைமடிப்புக்கும் வேறு பாட்டிலே திறக்க வேண்டாம், ஆனால் முழுக்க ஒரே சிவப்பாகப் போய்விடும், புதிதாகச் செய்கிறவருக்குக் கொஞ்சம் சப்பென்று இருக்கும். 73-க்குக் கரும்பச்சை. 69-க்கு வில்லோ கிரீன், சாம்பல் கலந்த வெளிர் பச்சை, செங்கல் சிவப்புக்குப் பக்கத்தில் அது எடுப்பாக இருக்கும். என்னைக் கேட்டால் 69.

அதில் ஒரு வசதியும் உண்டு. பிரிட்டிஷ் பேட்டலியனுக்கு இரண்டு கொடி, ராஜாவின் கொடி ஒன்று, ரெஜிமெண்ட் கொடி ஒன்று. வாட்டர்லூவுக்கு இரண்டு நாள் முன்னால், 1815 ஜூன் 16, காட்ர்ப்ரா சண்டையில் குயிராசியர் என்ற, மார்புக் கவசம் போட்ட பிரெஞ்சுக் குதிரைப்படை 69 மேல் பாய்ந்தது. 69-காரர்கள் குதிரைப்படையைத் தடுக்கச் சதுரமாக அணிவகுத்து முடிக்கவில்லை, வெட்டுப்பட்டார்கள், ராஜாவின் கொடி பறிபோனது. அதனால் ஜூன் 18-க்கு 69 செய்தால் ரெஜிமெண்ட் கொடி ஒன்று மட்டும் போதும். கொடி பிடிக்கும் இன்னொரு ஆளின் கையில் வாளைக் கொடுத்துவிடுங்கள். தெரிந்தவர்கள் பார்த்தால் உடனே கேட்பார்கள், கேட்கட்டும்.

நீங்கள் ஒட்டிய தலைகளைக் கொஞ்சம் பாருங்கள். தொப்பியின் முன்பக்கம் உச்சிக்கு மேலே உயர்ந்து நிற்க, இறகு இடது பக்கத்தில் இருந்தால் அது 1812 மாதிரி ஷாகோ, வாட்டர்லூவுக்குச் சரி. நேர் குழாயாக இருந்து இறகு நடுவில் முன்னால் நின்றால் அது ஸ்பெயின் போர்க் காலத்துப் பழைய ஷாகோ. இறகு நடுக் கம்பெனிகளுக்கு மேலே வெள்ளை கீழே சிவப்பு, வலது ஓரத்தில் நிற்கும் கிரெனடியர் கம்பெனிக்கு முழு வெள்ளை, இடது ஓரத்து லைட் கம்பெனிக்குப் பச்சை.

மடிப்பாக்கம்_மாடலர்:

இடது பக்கம்தான் இறகு! அப்படியென்றால் 69, முடிவாகிவிட்டது. வேலூர் அண்ணாவுக்கும் சிங்கப்பூர் நண்பருக்கும் நன்றி. சொரசொரப்பான உருவங்களை என்ன செய்வது? தூக்கிப் போட மனசு வரவில்லை. நெயில் பாலிஷ் ரிமூவர் போட்டால் போகும் என்று ஒருவர் சொன்னார்.

ஸ்கார்பரோ_பெடியன்:

ஐயோ அண்ணை, நெயில் பாலிஷ் ரிமூவர் மட்டும் வேண்டாம்! அசிட்டோன் பட்டால் இந்த பிளாஸ்டிக் இளகிக் கூழாகிப் போகும். உலோக உருவத்துக்கு அது பரவாயில்லை, பிளாஸ்டிக்குக்கு அது சாவு.

டெட்டோல் இருக்குதோ வீட்டில்? அந்த மண்ணிறப் போத்தல், காயத்துக்குப் போடுகிறது. இங்கிலாந்தில் இந்தப் பொழுதுபோக்குக்காரர் கனகாலமாக அதைத்தான் பாவிக்கிறார்கள், நானும் இங்கே கனடாவில் தமிழ்க் கடையில் வாங்கி வைத்திருக்கிறேன். மூடி இருக்கிற கண்ணாடிப் போத்தலில் உருவங்களைப் போட்டு, தண்ணி கலக்காத டெட்டோலை மூழ்கும் அளவுக்கு விட்டு, ஒரு நாள் வைக்கவேண்டும். அடுத்த நாள் கையுறை போட்டுக்கொண்டு பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்தால் அக்ரிலிக் பெயிண்ட் தோல் தோலாக உரிந்து வரும். இதில் கவனம்: தேய்த்து முடியும் மட்டும் தண்ணி படவே கூடாது. கரைந்த பெயிண்டும் டெட்டோலும் இருக்கிற இடத்தில் தண்ணி பட்டால் எல்லாம் சேர்ந்து தார் மாதிரிப் பிசுபிசுவென்று ஒட்டிவிடும், பிறகு அதை எடுக்கிறது பெரும் பாடு. வேறொரு கிண்ணத்தில் சுத்தமான டெட்டோல் எடுத்து அதிலேயே அலசி, டிஷ்யூவால் துடைத்து, பெயிண்ட் முழுக்கப் போன பிறகுதான் சோப்பும் தண்ணியும். பல்கனியில் வைத்துச் செய்யுங்கோ, வீடு முழுக்க ஆஸ்பத்திரி மணம் வரும்.

ஐசோப்ரோப்பைல் அல்ககோல் கிடைத்தால் அதுவும் நல்லது, மணமும் குறைவு. நெருப்புக்குக் கிட்ட வைக்கக்கூடாது. பிளாஸ்டிக் சிமெண்டால் ஒட்டின மூட்டு கழராது, அது பிளாஸ்டிக்கையே உருக்கி ஒன்றாக்கிவிடும். ஃபெவிக்விக் மாதிரிப் பசையால் ஒட்டினது என்றால் கை, தலை கழன்று வரலாம், திரும்ப ஒட்டலாம். நீங்கள் அடித்தது கார் பெயிண்ட் கடை ப்ரைமர் என்றால் டெட்டோலுக்கு அசையாமல் நிற்கவும் கூடும். அப்படியென்றால் அந்த உருவங்களைக் காயப்பட்டவர்களாகத் தரையில் படுக்க வைத்து, மேலே சேறு பூசிவிடுங்கோ. வாட்டர்லூவில் முதல் நாள் இரவு முழுக்க மழை, சேற்றுக்குக் குறைவே இல்லை.

முகம்_முக்கியம்:

நம்பர் 2 சொன்னதில் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. மூன்று அடி தூரம் என்பதெல்லாம் ஆட்டம் நடக்கும்போதுதான். ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் என்ன செய்கிறார்கள்? ஒரு உருவத்தைக் கையில் எடுத்து மூக்குக்கு முன்னால் வைத்துப் பார்க்கிறார்கள். முதலில் பார்ப்பது முகத்தை. முகம் ஒரே ரோஸ் பூச்சாக இருந்தால் பெல்ட் எவ்வளவு சுத்தமாக இருந்தும் பொம்மை என்றுதான் தோன்றும்.

நாற்பது முகமும் வரைய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதிகாரி, கொடி பிடிப்பவர், சார்ஜெண்ட், முன் வரிசையில் ஓரமாக நிற்கும் இருவர், இவர்களுக்கு மட்டும் நேரம் கொடுங்கள். தோலுக்கு முதலில் செம்பழுப்பு, அதன் மேல் தோல் நிறம், பிறகு மூக்கின் முதுகு, கன்ன மேடு, முகவாய், கீழுதட்டுக்கு அடியில் என்று நாலு இடத்தில் வெளிர் நிறப் புள்ளி. கீழுதட்டில் கொஞ்சம் சிவப்பு. தாடைக்கு மெல்லிசாக நீலச் சாம்பல் கழுவினால் சவரம் செய்யாத முகம் வந்துவிடும்.

சுடுகிற நிலையில் இருப்பவர்களுக்கு ஒன்று செய்யுங்கள். அந்தக் காலத்தில் தோட்டா என்பது காகிதப் பொட்டலம், பல்லால் கடித்துக் கிழித்துத்தான் மருந்தைத் துப்பாக்கியில் கொட்டுவார்கள். சண்டை தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் எல்லோருக்கும் வாயைச் சுற்றிக் கரி. கரும்பழுப்பை நன்றாக நீர்க்க விட்டு, தூரிகையைத் துணியில் ஒற்றிவிட்டு, உதட்டோரத்தில் இருந்து கன்னத்துக்கு லேசாக இழுத்தால் போதும். அணிவகுத்து நடக்கிறவர்களுக்கு வேண்டாம், அவர்கள் இன்னும் சுடவில்லை.

தூரிகை_நம்பர்_2:

வாய்க்கரி விஷயத்தை நான் திருடிக்கொள்கிறேன். ஐந்து பேருக்கு முகம் என்றால் எனக்கும் சம்மதம், ஆனால் அந்த ஐந்து பேரையும் கடைசியில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். முதலிலேயே அதிகாரியின் முகத்தில் உட்கார்ந்தவர்கள் அந்த அதிகாரியோடு நின்றுபோனதை நிறையப் பார்த்திருக்கிறேன், பின்னால் படையே இல்லாமல் அவர் மட்டும் வாளைத் தூக்கிக்கொண்டு நிற்பார்.

ஈயக்கிடங்கு:

மாடலர் தம்பி, இரண்டாவது பெட்டியை வீட்டில் சொல்லாததைப் பற்றி யாருமே பேசவில்லையே! வாங்கிச் சேர்ப்பது ஒரு பொழுதுபோக்கு, வண்ணம் அடிப்பது வேறொரு பொழுதுபோக்கு. இரண்டும் ஒரே ஆளுக்கு வருவதால் குழப்பம். அடிக்காமல் கிடக்கிற சாம்பல் பிளாஸ்டிக் குவியலைப் பார்த்து வெட்கப்படச் சொல்லும் கூட்டம் ஒன்று இருக்கிறது, நான் அதில் இல்லை. புத்தகம் வாங்குகிறவர் எல்லாவற்றையும் படித்துவிட்டா அடுத்தது வாங்குகிறார்? ஆனால் கடனில் வாங்காதீர்கள், கஸ்டம்ஸ் வரியையும் சேர்த்தே விலையைக் கணக்குப் போடுங்கள்.

நான் கோயம்புத்தூர், பழைய உலோக உருவங்கள் சேர்க்கிறேன். வில்லியம் பிரிட்டன் 1893-ல் உள்ளே பொள்ளலாக வார்க்கும் முறையைக் கொண்டுவந்தார், ஈயம் குறைவாகப் பிடித்தது, விலை இறங்கியது, அதுவரை சந்தையில் இருந்த ஜெர்மன் திண்ணிய உருவங்கள் பின்வாங்கின. அந்த வகை 54 மி.மீ. சிப்பாய்கள் என்னிடம் கொஞ்சம் இருக்கிறார்கள். உங்கள் பெட்டிக்காரர்களான ஆலன், மைக்கேல் பெர்ரி இரட்டையர்கள் முன்பு வார்ஹாமர் உருவங்கள் செய்யும் சிடடெல்லுக்காகச் செதுக்கிய உலோகத் துண்டுகளும் உண்டு. மைக்கேல் 1996-ல் பிரான்சில் ஒரு வரலாற்று நடிப்பு நிகழ்ச்சியில் பீரங்கி விபத்தில் வலது கையை இழந்தவர், அப்புறம் இடது கையால் செதுக்கப் பழகினார். அதற்கு முன்னால் செய்ததையும் பின்னால் செய்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறேன், என் கண்ணுக்கு வித்தியாசம் பிடிபடவில்லை.

பத்திரப்படுத்துவது பற்றிச் சொல்லவே வந்தேன். ஈயம் கலந்த பழைய உருவங்களை மர ஷோகேஸில் அடைத்து வைக்காதீர்கள். மரத்தில் இருந்தும் எம்.டி.எஃப். பலகையில் இருந்தும் மெல்ல மெல்ல அமில ஆவி வரும், காற்றோட்டம் இல்லாத இடத்தில் அது ஈயத்தைத் தின்னும். முதலில் சாம்பலாக ஒரு பூப்பு, பிறகு வெள்ளைத் தூள், கடைசியில் கால் ஒடிந்து விழும். கண்ணாடி வைத்த இரும்பு அலமாரி நல்லது, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம், அவ்வப்போது திறந்து காற்று விட வேண்டும். ஈய உருவத்தைத் தொட்டால் கை கழுவாமல் சாப்பிடாதீர்கள், அரம் போட்டு ராவினால் தண்ணீர் தொட்டு ராவுங்கள், தூசி பறக்கக் கூடாது. குழந்தை கையில் கொடுக்கவே கொடுக்காதீர்கள். இப்போது வருகிற உலோக உருவங்களில் பெரும்பாலும் ஈயம் இல்லை, பழையதுதான் கவலை.

உங்களுடையது பிளாஸ்டிக், அதற்கு இந்த நோய் கிடையாது. அதற்கு வேறு எதிரி. நம் வீடுகளில் எந்த அலமாரியைத் திறந்தாலும் அந்துருண்டை இருக்கும். அந்த ஆவி இந்த வகை பிளாஸ்டிக்கை இளக்கும், மேல் பூச்சும் பிசுபிசுக்கும். துணி அலமாரியில் பெட்டியை ஒளித்து வைக்கிற யோசனை இருந்தால் முதலில் உருண்டையை எடுத்துவிடுங்கள், இல்லை பேசாமல் வீட்டில் சொல்லிவிடுங்கள்.

மடிப்பாக்கம்_மாடலர்:

ஐயா, பீரோவில்தான் வைக்கப் போகிறேன் என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? சரி, சொல்லிவிடுகிறேன்.

டெட்டோலில் உருவங்கள் இறங்கிவிட்டன. மற்றவர்களுக்குத் தூரிகை ப்ரைமர் சொல்லியிருக்கிறேன், வந்ததும் எட்டுப் பேரோடு தொடங்குகிறேன். வேலூர் அண்ணா, கொடி ஒன்றுதான் சந்தேகம். கையால் வரைவதா, அச்சடித்து ஒட்டுவதா? அந்த வெளிர் பச்சைக்கு என்ன கலப்பது?

வேலூர்க்கோட்டை:

அச்சடித்து ஒட்டுங்கள் தம்பி, யூனியன் கொடியின் கோடுகளை அந்த அளவில் கையால் இழுக்க உட்கார்ந்தால் இன்னொரு வாட்டர்லூதான். நிஜக் கொடியின் உயரம் ஆறு அடி, 28 மி.மீ. உருவத்துக்கு அது சுமார் 3.3 செ.மீ. வரும், நீளம் சற்றே கூடுதல். மூலையில் சின்னதாக யூனியன் கொடி, மீதி முழுக்க ஃபேசிங் நிறம், நடுவில் ரெஜிமெண்ட் எண். இரண்டு பக்கமும் ஒரே தாளில் வருகிற மாதிரி அச்சடியுங்கள், கம்பைச் சுற்றி மடித்து ஒட்ட வேண்டும். இங்க்ஜெட் அச்சு ஈரம் பட்டால் கலையும், லேசர் பிரிண்ட் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஃபெவிகாலில் கொஞ்சம் தண்ணீர் விட்டு உள்பக்கம் முழுக்கத் தடவி மடியுங்கள், ஓரம் மட்டும் தடவினால் பின்னால் பிரியும். ஈரம் இருக்கும்போதே ஒரு பென்சில் மேல் குறுக்காகச் சுற்றி எடுத்தால் காற்றில் ஆடுகிற வளைவு வந்துவிடும். நேராக மேலும் கீழும் வளைக்காதீர்கள், துணி எடையால் தொங்குவதால் வளைவு கம்பின் உச்சியில் இருந்து கீழ் மூலைக்குச் சாய்ந்து போகும். காய்ந்ததும் வெட்டின ஓரத்தில் வெள்ளைத் தாள் தெரியும், அதற்கு மட்டும் அதே பச்சையைத் தூரிகையின் பக்கவாட்டால் தொட்டுவிடுங்கள்.

பச்சைக்கு, நடுத்தரப் பச்சையில் வெள்ளை நிறைய, சாம்பல் கொஞ்சம், மஞ்சள் ஒரு சொட்டு. காலருக்கும் கொடி ஓரத்துக்கும் சேர்த்து ஒரே தடவையில் கலந்து காலி பாட்டிலில் அடைத்து வையுங்கள், அடுத்த மாதம் திரும்பக் கலந்தால் அதே பச்சை வராது.